ஏர்டெல்லின் லாபத்தைத் தீர்மானிப்பவர்கள் யார்? போட்டி விசைகள் குறித்த ஓர் எளிய விளக்கம்

2019 நவம்பர் 14 அன்று பாரதி ஏர்டெல் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, மூன்றே மாதங்களில் 23,045 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டிருப்பதாக அதில் இருந்தது. அதே நாளில் வோடஃபோன் ஐடியா அறிவித்த இழப்பு 50,921 கோடி ரூபாய். அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரே காலாண்டில் அவ்வளவு பெரிய தொகையை இழந்ததில்லை. இத்தனைக்கும், இந்தியர்கள் அதற்கு முன் எப்போதும் இல்லாத அளவுக்குக் கைபேசியில் பேசிக்கொண்டும் காணொளி பார்த்துக்கொண்டும் இருந்த காலம் அது. அதே ஏர்டெல் 2024-25 நிதியாண்டில் 33,000 கோடி ரூபாய்க்கும் மேல் நிகர லாபம் காட்டியது. ஒருமுறை மட்டுமே வரக்கூடிய சில வரவுகள் அந்தத் தொகையில் சேர்ந்திருந்தாலும், ஐந்தரை ஆண்டுகளில் நிறுவனத்தின் நிலை தலைகீழாக மாறியதை யாரும் மறுக்க முடியாது. விற்ற சேவை பெரும்பாலும் அதேதான். நிர்வாகத்தின் தலைமையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே ஆட்கள்தான். அப்படியானால் மாறியது எது?

இந்தக் கேள்விக்கு விடை தேட வணிகவியல் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது, ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த ஐந்து விசைகள் என்ற கருத்தாகும். ஒரு தொழிலில் லாபம் எவ்வளவு நிற்கும் என்பதை அந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களின் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை, அந்த லாபத்தைத் தம் பக்கம் இழுக்கக்கூடிய ஐந்து தரப்பினரின் வலிமையும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதுதான் அதன் சாரம். ஏற்கெனவே களத்தில் இருக்கும் போட்டியாளர்கள், புதிதாக நுழையக்கூடியவர்கள், மூலப்பொருளும் கருவிகளும் தரும் வழங்குநர்கள், வாங்கும் வாடிக்கையாளர்கள், அதே தேவையை வேறு வழியில் நிறைவேற்றும் மாற்றுச் சேவைகள் ஆகியவையே அந்த ஐந்து. போட்டி என்றவுடன் ஏர்டெல்லுக்கு எதிரே ஜியோ என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த ஐந்தில் ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள்.

இதை ஒரு ரீசார்ஜ் தொகையை வைத்தே பார்த்துவிடலாம். 2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டத்தின் விலை 199 ரூபாய் ஆனது. இதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உள்ளடங்கியிருக்கிறது. அதாவது 30 ரூபாய் 36 பைசா முதலிலேயே வரியாகப் போய்விடும். மிச்சமுள்ள 168 ரூபாய் 64 பைசாவில், உரிமக் கட்டணமாக 8 விழுக்காடு, ஏறத்தாழ 13 ரூபாய், மத்திய அரசுக்குச் செல்ல வேண்டும். அதன் பிறகு ரீசார்ஜ் செய்து தரும் கடைக்காரரின் கமிஷன், கோபுர வாடகை, கோபுரத்துக்கான மின்சாரமும் டீசலும், கருவி நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணம், அலைக்கற்றை ஏலத் தொகையின் தவணை, கடனுக்கான வட்டி என்று ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வரும். இவற்றுக்குப் பின் எஞ்சுவதுதான் ஏர்டெல்லுக்குரியது. முதலில் அந்த 199 ரூபாயை 149 ஆக்கவோ 249 ஆக்கவோ ஏர்டெல்லுக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது என்பதும் இதே விசைகளைப் பொறுத்ததுதான்.

களத்தில் இருக்கும் போட்டியாளர்களிடமிருந்தே தொடங்குவோம். 2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ வணிகரீதியாகச் சேவையைத் தொடங்கியது. அப்போது ஒரு ஜிபி இணையத்துக்கு மற்ற நிறுவனங்கள் 250 ரூபாயை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தன. ஜியோவோ பேசுவதற்குக் கட்டணமே கிடையாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை இணையமும் இலவசம் என்றது. பின்னர் அந்தச் சலுகையை 2017 மார்ச் இறுதி வரை நீட்டித்தது. 170 நாட்களில் அதற்கு 10 கோடி வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். ஏர்டெல்லுக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைத்த சராசரி மாத வருவாய், ஜியோ வருவதற்கு முன் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. 2018-இன் கடைசிக் காலாண்டில் அது 104 ரூபாயாகச் சரிந்தது. கிட்டத்தட்ட பாதி.

விலைப் போர் இந்தத் தொழிலில் ஏன் இவ்வளவு கொடூரமாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம், ஏனெனில் உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு இதில் அடங்கியிருக்கிறது. அலைக்கற்றை வாங்கி, கோபுரம் நட்டு, கண்ணாடியிழை வடம் பதித்து முடித்தபின், கூடுதலாக ஒருவர் ஒரு நிமிடம் பேசுவதால் நிறுவனத்துக்கு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய சுழியம். செலவு முழுவதும் முன்கூட்டியே செய்யப்பட்டுவிட்டது. அதை எப்படியாவது மீட்க வேண்டும். ஆகவே, சும்மா கிடக்கும் கொள்ளளவை எந்த விலைக்காவது விற்றுவிடலாம் என்ற தூண்டுதல் எல்லா நிறுவனங்களுக்கும் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். வாங்குபவருக்கோ ஒரு நிறுவனத்தின் சேவைக்கும் மற்றொன்றின் சேவைக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. சிக்னல் கிடைக்கிறதா, விலை என்ன என்ற இரண்டைத்தான் அவர் பார்க்கிறார். முன்செலவு மிக அதிகமாகவும், பொருளில் வேறுபாடு மிகக் குறைவாகவும் இருக்கும் தொழிலில் விலைப் போர் மூண்டால், அது யாராவது விழும் வரை ஓயாது.

அப்படித்தான் விழுந்தார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2017-இன் இறுதியில் கைபேசி அழைப்புச் சேவையை மூடியது. டெலிநாரின் இந்தியப் பிரிவும் டாடாவின் கைபேசிச் சேவையும் ஏர்டெல்லிடமே வந்து சேர்ந்தன. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் இறுதியில் ஒன்றாயின. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாக நினைவிருக்கக்கூடியது ஏர்செல். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கி, மாநிலத்தின் சிற்றூர்கள் வரை வேரூன்றியிருந்த நிறுவனம் அது. 2018 பிப்ரவரியில், நிலுவைத் தகராறால் கோபுரங்கள் அடுத்தடுத்து அணைக்கப்பட்டபோது, மாநிலம் முழுவதும் ஏர்செல் எண்கள் திடீரென்று ஊமையாகிப்போயின. வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீட்டு எண்ணைப் பெறவே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், குறுஞ்செய்தி அனுப்ப சிக்னல் வேண்டும், சிக்னல்தான் இல்லை. வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடு இணைந்திருந்ததால் மக்கள் தவித்துப்போய் ஏர்செல் அலுவலகங்களின் முன் கூடினார்கள். அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. ஒரு தொழிலில் போட்டி முற்றும்போது அதன் சுமையைப் பங்குதாரர்கள் மட்டும் சுமப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இத்துறையில் வேறில்லை என்பேன்.

2010 வாக்கில் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தில், அதாவது பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதியில், பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன; பத்தாண்டுகள் கழித்து தனியார் துறையில் மூன்றும், அரசுத் துறையும் மட்டுமே மிஞ்சின. எண்ணிக்கை குறைந்ததும் போட்டியின் குணமே மாறிவிட்டது. 2019 டிசம்பர் 1 அன்று மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே நாளில் கட்டண உயர்வை அறிவித்தன. 2021 நவம்பரில் மறுபடியும் உயர்வு. 2024 ஜூன் இறுதியில் முதலில் ஜியோவும், மறுநாள் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் உயர்த்தின. இவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்றே பேர் இருக்கும் களத்தில் ஒருவர் என்ன செய்வார் என்பதை மற்ற இருவரும் எளிதில் கணித்துவிட முடியும். ஏர்டெல்லின் சராசரி மாத வருவாய் 2024-இன் கடைசிக் காலாண்டில் 245 ரூபாயைத் தொட்டதற்கு, இந்த மாற்றம்தான் முதன்மைக் காரணம்.

லாபம் இப்படி உயர்ந்தால் புதியவர்கள் நுழைவார்களே என்று கேட்கத் தோன்றும். இரண்டாவது விசை அதைப் பற்றியதுதான். 2008-இல் அரசு 122 உரிமங்களை 2001-ஆம் ஆண்டின் விலைக்கே வழங்கியபோது நுழைவுத் தடை தாழ்ந்திருந்தது. புதிய பெயர்கள் வரிசையாக வந்தன. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்கள் அனைத்தையும் ரத்து செய்து, இனி ஏலமே வழி என்று ஆனபின், தடை மலைபோல் உயர்ந்தது. ஜியோவால் அதைத் தாண்ட முடிந்தது என்றால், சேவை தொடங்குவதற்கு முன்பே ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போடக்கூடிய ஒரு பெருங்குழுமம் பின்னால் நின்றதே காரணம். எல்லோராலும் அது முடியாது. 2022 ஏலத்தில் அதானி குழுமத்தின் ஒரு நிறுவனம் 212 கோடி ரூபாய்க்கு 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை வாங்கியபோது, நான்காவது போட்டியாளர் வந்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுக்கான பங்கு உட்பட, அந்த அலைக்கற்றை முழுவதையும் வாங்கிக்கொள்ள ஏர்டெல் ஒப்பந்தம் செய்துகொண்டது. நுழைவுத் தடையின் உயரத்தை அளக்க இந்த ஒரு நிகழ்வே போதும்.

அடுத்து வழங்குநர்கள். பாடநூலில் இந்தப் பகுதி வரும்போது கோபுரக் கருவிகள் செய்யும் நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். அது சரிதான், உலகில் இவ்வகைக் கருவி செய்யும் பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2021-இல் நம்பகமான வழங்குநர்களிடமிருந்து மட்டுமே புதிய கருவிகள் வாங்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபின், சீனாவின் ஹுவாவேயும் இசட்டிஇயும் நடைமுறையில் ஒதுக்கப்பட்டன. ஏர்டெல் தன் 5ஜி வலையமைப்புக்கு எரிக்சன், நோக்கியா, சாம்சங் ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு சுருங்கினால் பேரம் பேசும் வலிமையும் சுருங்கும்.

ஆனால் இந்தியத் தொலைத்தொடர்பில் மிகப் பெரிய வழங்குநர் அரசுதான். அலைக்கற்றை இல்லாமல் கைபேசிச் சேவை இல்லை. அதை விற்பவர் நாட்டில் ஒருவர் மட்டுமே. 2010-இல் 3ஜி ஏலம் 34 நாட்கள் நடந்து, மூன்றாம் தலைமுறை அலைக்கற்றைக்கு மட்டும் 67,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்குக் கிடைத்தது. 2022 ஏலத்தில் ஏர்டெல் மட்டும் 43,084 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாங்காமல் இருந்துவிட முடியுமா என்றால், போட்டியாளர் வாங்கும்போது ஒதுங்கி நிற்பது தற்கொலைக்கு ஒப்பானது.

விற்பனையாளராக மட்டும் அரசு இருந்திருந்தால் போர்ட்டரின் சட்டகத்துக்குள் அது அழகாக அடங்கியிருக்கும். அது பல இருக்கைகளில் ஒரே நேரத்தில் அமர்ந்திருக்கிறது என்பதுதான் இத்துறையின் உண்மையான சிக்கல், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த இழப்பு எங்கிருந்து வந்தது? 1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, நிலையான உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் ஒரு பங்கைத் தரலாம் என்று நிறுவனங்களுக்கு வழிவிட்டது. எந்த வருவாயில் பங்கு என்பதில் பின்னர் வழக்கு மூண்டது. தொலைத்தொடர்பிலிருந்து வரும் பணம் மட்டுமே கணக்கில் சேரும் என்றன நிறுவனங்கள். வட்டி, வாடகை, பங்காதாயம் எல்லாமே சேரும் என்றது அரசு. ஏஜிஆர் (சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய்) எனப்படும் அந்தக் கணக்கில் 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகளின் நிலுவை, அதற்கு வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி எல்லாம் ஒரே நாளில் தலையில் விழ, ஏர்டெல் அந்தக் காலாண்டில் 28,450 கோடி ரூபாயை ஒதுக்க வேண்டியதாயிற்று. ஜியோவின் விலைப் போர் ஏர்டெல்லை மெல்ல மெல்லத் தேய்த்தது என்றால், ஏஜிஆர் தீர்ப்பு ஒரே காலாண்டில் அதைவிடப் பெரிய அடியைக் கொடுத்தது.

அதே அரசுதான் பிஎஸ்என்எல்லின் உரிமையாளர், அதாவது போட்டியாளர். வோடஃபோன் ஐடியா தர வேண்டிய தொகையைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதால், 2025-இல் அந்நிறுவனத்தின் ஏறத்தாழ 49 விழுக்காட்டுப் பங்கும் மத்திய அரசிடம் வந்துவிட்டது. அந்த வகையிலும் அது ஏர்டெல்லின் போட்டியாளரோடு சேர்ந்து நிற்கிறது. அரசு அமைத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுக்கும் விதிகள் நிறுவனங்களுக்கிடையே பணம் எந்தப் பக்கம் பாயும் என்பதையே மாற்றக்கூடியவை. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தால், அழைத்தவரின் நிறுவனம் நிமிடத்துக்கு 14 பைசா தர வேண்டும் என்றிருந்ததை 2017 அக்டோபரில் டிராய் 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரியில் அது சுழியமானது. பெரும்பாலும் வெளியே அழைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்த புதிய நிறுவனமான ஜியோவுக்கு இது ஆதாயம். அழைப்புகளை வாங்கிக்கொண்டிருந்த ஏர்டெல்லுக்கு இழப்பு. அரசை ஆறாவது விசை என்று தனியாகச் சேர்க்கலாமா என்று வகுப்பறைகளில் விவாதிப்பதுண்டு. தனிப் பெட்டி ஒன்றில் அடைப்பதைவிட, ஐந்து விசைகளில் ஒவ்வொன்றுக்குள்ளும் அரசின் கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

வாடிக்கையாளரின் வலிமை சற்று வேடிக்கையான இயல்புடையது. தனி ஆளாக அவருக்குப் பேரம் பேசும் திறனே இல்லை; 199 ரூபாயை 190-க்குத் தருவீர்களா என்று எந்தக் கடையிலும் கேட்க முடியாது. ஆனால் வெளியேறுவது எளிது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. போர்ட் என்ற சொல்லுடன் தம் எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீட்டு எண் வரும். அதைக் கொண்டு தெருமுனைக் கடையில்கூட சில நிமிடங்களில் விண்ணப்பித்துவிடலாம், சில நாட்களில் இணைப்பு மாறிவிடும். இரண்டு சிம் போடும் கைபேசிகள் வந்தபின், மாறாமலேயே மாறிக்கொள்ளவும் முடிந்தது: பழைய எண்ணை இன்கமிங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பணத்தைப் புதிய சிம்மில் போட்டார்கள். இதைத் தடுக்கத்தான் 2018-இன் பிற்பகுதியில் ஏர்டெல் மாதம் 35 ரூபாய் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கட்டாயமாக்கியது. சில கோடி வாடிக்கையாளர்கள் கணக்கிலிருந்து உதிர்ந்தார்கள்; சராசரி வருவாய் ஏறத் தொடங்கியது. அந்த 35 ரூபாய் 2024 ஜூலையில் 199-ஐத் தொட்டது. பணம் தரக்கூடியவர்களுக்கு இது ஒரு தேநீர்ச் செலவின் வேறுபாடாக இருக்கலாம். இன்கமிங்குக்காக மட்டும் கைபேசி வைத்திருக்கும் முதியவர்களுக்கு அப்படியில்லை, அவர்களைப் பற்றிய அக்கறை இந்தத் துறையின் கணக்குகளில் போதிய இடம் பெறவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜூலை உயர்வுக்குப் பின் சில மாதங்கள் வாடிக்கையாளர்கள் விலையேற்றாத பிஎஸ்என்எல்லுக்குப் பெருமளவில் போனதும், இணையம் இல்லாத அழைப்புத் திட்டங்களைத் தனியே தர வேண்டும் என்று டிராய் அந்த ஆண்டின் இறுதியில் கட்டளையிட்டதும் வாங்குவோர் பக்கத்தில் எஞ்சியிருக்கும் வலிமையின் அடையாளங்கள்.

மாற்றுச் சேவைகளைப் பற்றிப் பேசும்போது, ஏர்டெல்லின் வரலாற்றில் 2014 டிசம்பர் மறக்க முடியாத மாதம். வாட்ஸ்அப், வைபர், ஸ்கைப் போன்றவை குறுஞ்செய்தி வருவாயை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தன. அழைப்பு வருவாயையும் தொடத் தொடங்கியிருந்தன. இணையவழி அழைப்புக்குத் தனிக் கட்டணம், 75 எம்பிக்கு 75 ரூபாய் என்ற திட்டத்தை ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு வெடித்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு இணையச் சமவாய்ப்பு குறித்து டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன; 2016 பிப்ரவரியில், உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுவேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று விதி வந்தது. ஆக, மாற்றுச் சேவையைத் தடுக்கும் வழி அடைபட்டது. ஆனால் வாட்ஸ்அப் ஓட இணையம் வேண்டும், அந்த இணையத்தை விற்பது ஏர்டெல்தான். அழைப்பாகவும் குறுஞ்செய்தியாகவும் போன பணம், இணையக் கட்டணமாக ஓரளவு திரும்பி வந்தது. எதிரியாக வந்த ஒன்றே தேவையைப் பெருக்கும் துணையாகவும் மாறிய இந்த நிலையை, மாற்றுச் சேவை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

விசைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காட்ட இண்டஸ் டவர்ஸைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கோபுரங்களை வாடகைக்கு விடும் இந்த நிறுவனத்தை ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் சேர்ந்து 2007-இல் தொடங்கின. 2024 நவம்பரில் இது ஏர்டெல்லின் துணை நிறுவனமாகியது. இதன் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று வோடஃபோன் ஐடியா, அதாவது ஏர்டெல்லின் போட்டியாளர். அந்தப் போட்டியாளர் வாடகை பாக்கி வைத்தால் ஏர்டெல்லின் சொத்துக்குத்தான் நட்டம். 2022-இல் பிரிட்டனின் வோடஃபோன் குழுமத்திடமிருந்து இண்டஸ் பங்குகளின் ஒரு பகுதியை ஏர்டெல் வாங்கியபோது, அந்தப் பணத்தை அக்குழுமம் வோடஃபோன் ஐடியாவில் போட்டு இண்டஸின் நிலுவையைத் தீர்க்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. போட்டியாளர் வீழ்ந்தால் வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள். வீழாமல் இருந்தால் வாடகை கிடைக்கும்.

இப்போது வானத்திலிருந்து இன்னொரு கேள்வி வந்திருக்கிறது. செயற்கைக்கோள் வழி இணையம் தரும் நிறுவனங்களும் மற்றவர்களைப் போல அலைக்கற்றையை விலைகொடுத்து வாங்க வேண்டும் என்று ஏர்டெல்லின் தலைவர் சுனில் பாரதி மிட்டல் 2024 அக்டோபரில் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். 2025 மார்ச் 11 அன்று ஏர்டெல்லே அத்தகைய செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மறுநாள் ஜியோவும் செய்துகொண்டது. கோபுரம் எட்டாத மலைக்கிராமத்தில் ஸ்டார்லிங்க் ஏர்டெல்லுக்குத் துணை. கண்ணாடியிழை இணைப்பு உள்ள நகர வீட்டில் அது மாற்றுச் சேவை. தன் பெயரிலேயே சந்தா விற்றால் புதிய போட்டியாளர். இம்மூன்றில் எது மேலோங்கும் என்பது பெரும்பாலும் அதன் விலையைப் பொறுத்தது; அந்த விலையில் ஒரு பகுதியை முடிவு செய்யும் அலைக்கற்றைக் கட்டணத்தை, 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஏலமின்றி அரசே நிர்ணயிக்கும். வருவாயில் 4 விழுக்காடும், நகர்ப்புறச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாயும் வாங்கலாம் என்று 2025 மே மாதத்தில் டிராய் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்தால், நகரத்தில் கூடுதலாக 500 ரூபாய், கிராமத்தில் அது இல்லை என்ற அந்தச் சிறு வேறுபாடே, ஏர்டெல்லின் நகர வாடிக்கையாளர்களை ஸ்டார்லிங்க் எவ்வளவு எளிதில் நெருங்க முடியும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளில் ஒன்றாக இருக்கும்.